அரும்பும் இடம்

(கண்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். அவையில் காட்டிய படங்களுக்கான விளக்கங்களும் இடையில் எழுந்த கேள்விகளும் நீக்கப்பட்டுள்ளன.)



விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றி, அத்துறை சாராதவர்களும் அமர்ந்திருக்கும் அவையில், தமிழில் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மதுவத்தை எடுத்துக்கொண்டேன். கடையில் ஈஸ்ட் என்று கேட்டு வாங்குவோமே, அதுதான். பாணுக்குக் குழைத்த மா பொங்குவதும் கித்துள் கள் நுரைப்பதும் அதனால்தான். அது அரும்பி இனம்பெருக்கும் என்பது மாணவர்களுக்குத் தெரியும். தாய்க்கலத்தின் ஓரத்தில் ஒரு சிறு மொட்டு, மொட்டுக்குள் புகும் கரு, பிறகு பிரிவு. பரீட்சைக்கு அந்தப் படம் போதும். ஆனால் மொட்டு ஏன் அந்த ஓரத்தில் இருக்கிறது, எதிர்ப்பக்கத்தில் ஏன் இல்லை, ஒரே வேளையில் இரண்டு மொட்டுகள் ஏன் தோன்றுவதில்லை என்று வகுப்பறையில் யாரும் கேட்பதில்லை. இவற்றுக்குப் பதில் தரும் பரம்பரையலகுகள் 1970களிலிருந்து ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டு வந்திருக்கின்றன. கல உயிரியலுக்குக் கடந்த அரை நூற்றாண்டில் கிடைத்த மிக அழகான விளக்கங்களுள் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

என் மையக் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இடத்தைச் சுட்டுவது ஒரு வேலை. ஏதேனும் ஓரிடத்தில், அதுவும் ஒரே ஓரிடத்தில், நிலைகொண்டு வளர்வது இன்னொரு வேலை. மதுவக் கலம் இந்த இரண்டையும் வெவ்வேறு பரம்பரையலகுத் தொகுதிகளிடம் ஒப்படைத்திருக்கிறது. முதல் தொகுதி பழுதான கலம் குறையின்றி வாழ்கிறது. இரண்டாம் தொகுதி பழுதான கலம் மாண்டுபோகிறது. இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால், இந்த மலைகளின் கோப்பியை அழித்த பங்கசு முதல் நம் உடலின் நரம்புக் கலம் வரை பலவற்றையும் ஒரே கேள்வியோடு அணுகலாம்.

1. தழும்புகள்

மதுவக் கலத்தின் குறுக்களவு ஏறத்தாழ 5 மைக்ரோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் இருநூறு கலங்களை வரிசையாக வைக்கலாம். அரும்பு தாயைவிட்டுப் பிரியும்போது தாயின் சுவரில் வட்டமான ஒரு தழும்பு தங்கிவிடுகிறது. அந்தத் தழும்பு கைற்றின் என்ற பொருளால் ஆனது; இறாலின் ஓட்டில் இருப்பதும் அதே கைற்றின்தான். கல்கோஃப்ளூர் என்றொரு சாயம் உண்டு. துணிகளுக்கு வெண்மையூட்டப் பயன்படும் சாயங்களின் இனத்தைச் சேர்ந்தது. அது கைற்றினில் ஒட்டிக்கொள்ளும். சாயமேற்றிய மதுவத்தைப் புறஊதா ஒளியில் நுணுக்குக்காட்டி வழியே பார்த்தால், தழும்புகள் ஒவ்வொன்றும் நீல வளையமாக ஒளிரும். வளையங்களை எண்ணினால் அந்தத் தாய் எத்தனை முறை அரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு தாய்க்கலம் முடிவில்லாமல் அரும்பிக்கொண்டே இருப்பதில்லை என்பதை 1959-இல் மோட்டிமரும் ஜோன்ஸ்டனும் காட்டினார்கள். இருபது, இருபத்தைந்து மகள்களுக்குப் பிறகு அது ஓய்ந்துவிடுகிறது.

எண்ணிக்கையைவிட அந்த வளையங்களின் அமைப்பே நமக்கு முக்கியம். ஒருமடியக் கலத்தில், அதாவது நிறமூர்த்தங்கள் ஒரு தொகுதி மட்டும் உள்ள கலத்தில், வளையங்கள் ஒன்றையொன்று தொட்டபடி ஒரே பக்கத்தில் அடுக்கியிருக்கும். புதிய அரும்பு சென்ற தடவை அரும்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே வருகிறது என்பது இதன் பொருள். இருமடியக் கலத்தின் வளையங்கள் கலத்தின் இரு முனைகளிலும் கூட்டமாக இருக்கும். நடுப்பகுதி வெறுமையாகக் கிடக்கும். இருமடிய மகள் முதன்முறை அரும்பும்போது, தான் தாயோடு ஒட்டியிருந்த முனைக்கு நேர் எதிர் முனையையே பெரும்பாலும் தெரிந்தெடுக்கிறது. 1960-இல் ஃப்ரைஃபெல்டர் இந்த வேறுபாட்டைப் பதிவுசெய்தார். அதற்கான காரணத்தை அறிய மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன.

இரண்டு ஒழுங்குகளும் பயனுள்ளவையாகத் தோன்றுகின்றன. தனித்து விழுந்த ஒருமடியக் கலத்துக்கு இணைசேரத் துணை வேண்டும். பக்கத்திலேயே அரும்பினால் உறவுக் கலங்கள் நெருங்கி நிற்கும். இயற்கை மதுவத்தில் தாய்க்கலம் தன் இணைசேர் வகையை மாற்றிக்கொள்ளவும் வல்லது. அருகில் நிற்கும் கலமே துணையாகிவிடுகிறது. இருமடியக் கலத்துக்கு இந்தத் தேவை இல்லை. அதற்கு உணவை நோக்கிப் பரவுவதே ஆதாயம்.

ஆக, இந்தக் கலத்துக்குத் தன் பழைய அரும்பு இருந்த இடம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு அதன்படி நடக்கவும் செய்கிறது. மூளையோ நரம்போ இல்லாத ஒரு தனிக்கலம் இதை எப்படிச் செய்கிறது?

2. இடத்தைச் சுட்டும் பரம்பரையலகுகள்

1991-இல் செல் என்ற ஆய்விதழில் ஜோன் சாண்ட், ஐரா ஹெர்ஸ்கோவிற்ஸ் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் செய்த வேலை அது. அரும்பும் இடம் மாறிப்போன விகாரிகளைத் தேடிப் பிடித்து, பட் என்ற பெயரில் ஒரு பரம்பரையலகு வரிசையை அவர்கள் அடையாளங்கண்டார்கள். பட்-3, பட்-4 பழுதானால் ஒருமடியக் கலம் இருமடியக் கலத்தைப்போல இரு முனைகளில் அரும்பத் தொடங்குகிறது. பட்-1, பட்-2, பட்-5 ஆகியவற்றில் எது பழுதானாலும் ஒழுங்கே குலைந்துவிடுகிறது. கலம் கண்ட இடத்தில் அரும்புகிறது, வளையங்கள் மேற்பரப்பெங்கும் சிதறிக் கிடக்கின்றன.

இந்த விகாரிகள் எல்லாம் நலமாக வாழ்கின்றன என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவை வழமையான வேகத்தில் பெருகுகின்றன. மகள்களும் வழமையான வடிவத்தில் பிறக்கின்றன. பெத்ரித் தட்டில் வளரும் கூட்டத்தை வெறுங்கண்ணால் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. கலத்தை ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, அரும்பு எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தவருக்கே தெரியும். நோயில்லாத, சாகாத, வளர்ச்சி குன்றாத ஒன்றில் குறையைத் தேடிச் செல்லும் பொறுமை அறிவியலில் அரிது. ஆய்வுக்கு வரும் இளையவர்களுக்கு நான் எடுத்துக்காட்டும் வேலைகளில் இதை முதலிடத்தில் வைக்கிறேன்.

இருமடியக் கலத்துக்கும் தனி அடையாளங்கள் உண்டு. 1996-இல் ஜோன் பிரிங்கிள் குழுவினர் பட்-8, பட்-9 என்ற இரண்டையும் விவரித்தார்கள். தாயோடு ஒட்டியிருந்த முனைக்குப் பட்-9, எதிர்முனைக்குப் பட்-8 என்று பொதுவாகக் கொள்ளலாம். ஒருமடியக் கலத்தையும் இருமடியக் கலத்தையும் பிரித்து நிறுத்துவது ஆக்சல்-1 என்ற பரம்பரையலகு. அது ஒருமடியக் கலத்தில் மட்டுமே வேலை செய்கிறது. இருமடியக் கலத்தில் அடக்கிவைக்கப்பட்டிருக்கிறது. 1994-இல் ஃபுஜிட்டா குழுவினர் இருமடியக் கலத்தில் அதைச் செயற்கையாக இயக்கியபோது, அந்தக் கலம் ஒருமடியக் கலத்தைப்போலப் பக்கத்தில் பக்கத்தில் அரும்பியது. மதுவத்தின் ஏறத்தாழ 6000 பரம்பரையலகுகளில் ஒன்றே ஒன்றை இயக்கியதற்கு மொத்த ஒழுங்குமே மாறிவிட்டது.

3. நிலைகொள்ளும் பரம்பரையலகுகள்

இரண்டாம் தொகுதியின் கதை இதற்கு முன்பே, வேறோர் ஆய்விலிருந்து தொடங்குகிறது. கலப் பிரிவை ஆளும் பரம்பரையலகுகளைத் தேடியவர் லீலண்ட் ஹாட்வெல். இடம் சியாட்டில், காலம் 1960களின் இறுதியும் 1970களின் தொடக்கமும். 2001-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்ததும் அந்த வேலைக்காகத்தான். வெப்பநிலையால் பாதிக்கப்படும் விகாரிகளை அவர் பயன்படுத்தினார். 23 பாகை செல்சியசில், அதாவது நம் கண்டியின் சாதாரண அறை வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே, இவை ஒழுங்காகப் பெருகும். 36 பாகைக்கு ஏற்றினால் பழுதான புரதம் செயலிழக்கும். கலம் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் சிக்கி நிற்கும். அது சிக்கும் கட்டத்தைப் பார்த்து அந்தப் பரம்பரையலகின் பணியை ஊகிக்கலாம்.

அந்த வரிசையில் வந்தது சிடிசி-24. இந்த விகாரியை 36 பாகையில் வைத்து அடுத்த சில மணி நேரம் கவனித்தால் விந்தையான காட்சி ஒன்று தெரியும். கலம் வளர்கிறது. டிஎன்ஏ இரட்டிக்கிறது. கரு பிரிகிறது, மீண்டும் பிரிகிறது. ஆனால் அரும்பு மட்டும் வருவதில்லை. வழமையான கலத்தைவிடப் பெரிய, உருண்டையான பை ஒன்று. அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள். வளர்ச்சிக்கு வேண்டிய எல்லாம் அதனிடம் உண்டு. எந்தப் பக்கமாக வளர்வது என்ற முடிவு மட்டும் எடுக்கப்படவில்லை. எல்லாப் பக்கமும் வளர்கிறது, ஆகவே எங்கும் மொட்டு இல்லை. ஸ்லோட், பிரிங்கிள் ஆகியோர் இதை 1978-இல் விவரித்தார்கள். 1990-இல் அதே கோளாறுள்ள இன்னொரு பரம்பரையலகாகிய சிடிசி-42-ஐ அடம்ஸ், ஜோன்சன், பிரிங்கிள் முதலியோர் விவரித்தார்கள். இந்த உரையில் ஒரே ஒரு பெயரைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அந்தப் பெயர் சிடிசி-42 ஆக இருக்கட்டும்.

சிடிசி-42 இரண்டு நிலைகளில் இருக்கும் ஒரு சிறு புரதம். ஜிடிபி என்ற மூலக்கூறு பற்றியிருக்கும்போது அது உறங்குகிறது. ஜிடிபி விலகி ஜிடீபீ என்ற மூன்று பொசுபேற்று உள்ள வடிவம் வந்து அமரும்போது விழிக்கிறது. குழப்பம் வராமல் இருக்க, இனி உறங்குநிலை, விழிப்புநிலை என்றே சொல்கிறேன். சிடிசி-24-இன் வேலை சிடிசி-42-ஐ விழிக்கச் செய்வது. விழித்த சிடிசி-42 கல மென்சவ்வில் ஓரிடத்தில் திரண்டால், அந்த இடமே அரும்பும் இடம். பினி-1 என்ற புரதம் அங்கிருந்து அக்ரின் இழைகளை அமைத்து நீட்டுகிறது. அந்த இழைகளின் வழியே மயோ-2 என்ற இயக்குபுரதம், கலச்சுவருக்கும் மென்சவ்வுக்கும் தேவையான பொருள்கள் நிறைந்த சிறு பைகளைச் சுமந்து வருகிறது. செப்ரின் புரதங்கள் வளையமாகச் சேர்ந்து அரும்பின் கழுத்தைக் காக்கின்றன. இவை கட்டுமான வேலைகள். எங்கே கட்டுவது என்பது சிடிசி-42 திரண்ட கணத்திலேயே முடிவாகிவிட்டது.

4. இரண்டையும் இணைக்கும் கண்ணி

சுட்டும் தொகுதியும் நிலைகொள்ளும் தொகுதியும் சந்திக்கும் இடத்தில் பட்-1 நிற்கிறது. அதுவும் சிடிசி-42-ஐப் போல உறங்கி விழிக்கும் புரதம்தான். பட்-5 அதை எழுப்புகிறது, பட்-2 மீண்டும் உறங்கவைக்கிறது. பழைய தழும்பருகே உள்ள அடையாளப் புரதங்கள் பட்-5-ஐ அங்கே பிடித்துவைக்கின்றன. ஆகவே பட்-1 அங்கேதான் விழிக்கிறது. விழித்த பட்-1 சிடிசி-24-ஐப் பற்றுகிறது. சிடிசி-24 அங்கே சிடிசி-42-ஐ எழுப்புகிறது. இவ்வாறு முந்தைய அரும்பின் நினைவு அடுத்த அரும்பின் தொடக்கமாகிறது.

பக்கத்தில் அரும்ப வேண்டும். ஆனால் பழைய தழும்புக்குள்ளேயே மீண்டும் அரும்பிவிடக் கூடாது. அதற்கும் காவல் உண்டு. ஆர்ஜிஏ-1 என்ற புரதம் பழைய இடத்தில் சிடிசி-42-ஐ உறங்கவைத்துவிடுகிறது. அது இல்லாத கலங்கள் பழைய தழும்புக்குள்ளேயே அரும்புகின்றன என்பது 2007-இல் வெளியானது.

5. அடையாளமே இல்லாவிட்டால்

என் கருத்துக்கு வலிமையான சான்று இனித்தான் வருகிறது. பட்-1-ஐ முழுமையாக நீக்கிவிடுங்கள். பழைய தழும்பு சொல்லும் செய்தி இப்போது யாருக்கும் எட்டாது. அப்போதும் கலம் அரும்புகிறது. எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மொட்டுத்தான். வெளியிலிருந்து வழிகாட்டல் ஏதும் இல்லாமல், ஒருசீரான மேற்பரப்பில், கலம் தானாகவே ஓரிடத்தை முனையாக்கிக்கொள்கிறது. வேதிப்பொருள்கள் தாமே ஒருசீர்மையைக் குலைத்து ஓர் அமைப்பை உண்டாக்க முடியும் என்று அலன் ரியூரிங் 1952-இல் கணிதத்தால் காட்டியிருந்தார். மதுவத்தில் அது பரம்பரையலகுகளோடு, பெயர்களோடு, கண்முன்னே நடக்கிறது.

இதில் நடுநாயகம் பெம்-1 என்ற புரதம். விழித்த சிடிசி-42 இருக்கும் இடத்துக்குப் பெம்-1 வருகிறது, தன்னோடு சிடிசி-24-ஐயும் அழைத்து வருகிறது. சிடிசி-24 பக்கத்தில் உறங்கும் சிடிசி-42-ஐ எழுப்புகிறது. அது மேலும் பெம்-1-ஐ இழுக்கிறது. தற்செயலாக ஓரிடத்தில் சிறிது கூடுதலாக விழித்திருந்தாலும் போதும். அந்தக் கூடுதல் பெருகிக்கொண்டே போகும். அப்படியானால் இரண்டு மூன்று இடங்களில் ஏன் பெருகக் கூடாது? தொடக்கத்தில் சில வேளைகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் பெம்-1, சிடிசி-24 போன்றவை கலத்தில் அளவோடுதான் இருக்கின்றன. தோட்டத்துப் பீலியடியில் நீர் இரண்டு சிறு கால்களாகப் பிரிந்தால், சற்று ஆழமானது மேலும் மண்ணை அரித்து, கடைசியில் நீர் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மதுவக் கலத்திலும் அதே போட்டிதான். ஓரிரு நிமிடங்களில் ஒரே ஒரு திரள் எஞ்சுகிறது.

இந்த விளக்கம் சரியென்றால், போட்டியின் வேகத்தைக் குறைத்தால் இரண்டு அரும்புகள் வர வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தில் டானியல் லூவின் குழு அதைச் செய்து பார்த்தது. பெம்-1-ஐ மென்சவ்வோடு கட்டிவைத்து, அது இடம்விட்டு இடம் நகரும் வேகத்தைக் குறைத்தார்கள். ஒரே தாயில் ஒரே வேளையில் இரண்டு மொட்டுகள் வந்தன. 2009-இல் வெளியான அந்தப் படம், பாடப்புத்தகத்தின் ஒற்றை மொட்டுப் படத்துக்குப் பக்கத்தில் அச்சிடத் தக்கது. எதனால் ஒன்று என்பது, இரண்டு வரும் கலத்தைப் பார்த்த பிறகே முழுமையாக விளங்குகிறது.

பெம்-1-ஐயே நீக்கினால் என்ன ஆகும்? பெரும்பாலான கலங்கள் தள்ளாடுகின்றன, பல சாகின்றன. லான், கொஷ்வனெஸ், மறே ஆகியோர் அப்படிப்பட்ட கலங்களை 1000 தலைமுறைகள் வளர்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவு இது: கலங்கள் மீண்டுவிட்டன. புதிதாக எதையும் பெற்று மீளவில்லை. பெம்-2, பெம்-3, என்ஆர்பி-1 போன்றவற்றை இழந்து மீண்டன. வெவ்வேறு குடித்தொகைகளிலும் ஏறத்தாழ இதே வரிசையில் இழப்புகள் நேர்ந்தன. நிலைகொள்ளும் வேலை உயிருக்கு அவ்வளவு இன்றியமையாதது. ஒரு வழி அடைபட்டால், கலம் மற்றவற்றைக் கழித்தாவது இன்னொரு வழியைத் திறந்துகொள்கிறது.

6. இடம் தவறினால் இழப்பே இல்லையா?

பட் விகாரிகள் நலமாக வாழ்கின்றன என்றேன். தட்டில், நிறைந்த உணவில் அது உண்மை. நைதரசன் குறைந்த தட்டில் இருமடியக் கலங்கள் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. கலங்கள் நீண்டு, ஒவ்வொரு மகளும் எதிர்முனையிலேயே அரும்பி, சங்கிலியாகி, ஊட்டத்தைத் தேடிப் புறப்படுகின்றன. 1992-இல் கிமெனோ, ஃபிங்க் முதலியோர் இதைக் காட்டினார்கள். பட்-1 பழுதான கலங்களால் அந்தச் சங்கிலியைக் கட்ட முடியவில்லை. மனித உடலில் வாழும் கன்டிடா அல்பிகன்ஸ் என்ற மதுவத்தில், இதே பரம்பரையலகு பழுதானால் இழைகள் நேராகச் செல்லாமல் அலைகின்றன. வாழ்வு வளமாக இருக்கும்வரை இடத்தைச் சுட்டும் தொகுதி வெறும் ஒழுங்கு. பஞ்சம் வந்தால் அதுவே பிழைக்கும் வழி.

7. கோப்பி இலையின் அடிப்பக்கம்

இந்த அவையில் பலருடைய பூட்டன் பூட்டிகள் கோப்பிக்காக மன்னார் வழியாக நடந்து வந்தவர்கள். அந்தக் கோப்பியை அழித்தது ஒரு துருப் பங்கசு. 1869-இல் மடுல்சீமைப் பகுதியில் இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி கண்டார்கள். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி அதே ஆண்டில் அதற்கு ஹெமிலெயா வாஸ்ராற்றிக்ஸ் என்று பெயரிட்டார். 1880-இல் ஹரி மார்ஷல் வோர்ட் என்ற இளைஞர், அரசாங்கத்தால் அமர்த்தப்பட்டு இங்கே வந்தார். 1882 வரை ஆராய்ந்தார். கோப்பியைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. தொழிலாளர் குடும்பங்களும் அதனோடு மாறின. ஆனால் அவர் தெளிவாகக் கண்டது ஒன்று உண்டு. காற்றில் வந்து இலையில் படியும் வித்தி, நீர்த்துளியில் முளைத்து, மெல்லிய குழாயாக நீண்டு, இலைவாயைத் தேடி அதன் வழியே இலைக்குள் நுழைகிறது.

கேள்வி மதுவத்துக்கு எழுந்த அதே கேள்விதான். எந்தப் பக்கமாக வளர்வது? அடையாளம் எங்கிருந்து வருகிறது? மதுவம் தன் பழைய தழும்பைப் பார்க்கிறது. துருப் பங்கசு இலையின் மேற்பரப்பைத் தொட்டுப் பார்க்கிறது. போஞ்சித் துருவில் இதை 1987-இல் ஹொக் குழுவினர் காட்டினார்கள். இலைவாயின் உதட்டில் ஏறத்தாழ அரை மைக்ரோமீற்றர் உயரமான ஒரு வரம்பு உண்டு. பிளாஸ்திக்கில் அதே உயரத்தில் வரம்பு செதுக்கி வைத்தாலே, வித்திக்குழாய் அங்கே நின்று, நுழைவதற்கான உறுப்பை உண்டாக்கிவிடுகிறது. இலை இல்லை, கோப்பி இல்லை, போஞ்சியும் இல்லை. உயரம் மட்டும் போதும். நெல்லின் எரிபந்தத்தை உண்டாக்கும் பங்கசில் மதுவத்தின் உறவுகளை இன்னும் நேரடியாகவே பார்க்கலாம். இலையைத் துளைக்கும் இடத்தில் செப்ரின் வளையம் அமைகிறது, அக்ரின் திரள்கிறது. செப்ரின்கள் இல்லாத பங்கசு துளைக்க மாட்டாது என்று 2012-இல் காட்டப்பட்டது.

அடையாளம் மாறுகிறது, நிலைகொள்ளும் கருவி மாறுவதில்லை. என் மையக் கருத்தின் பயன் இங்கேதான் இருக்கிறது. பயிர்நோய்க்கு எதிராக வேலை செய்பவர்கள் பங்கசைக் கொல்வதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அடையாளத்தை மறைத்தால், அது இலைவாயைக் கண்டுபிடிக்காமலே காய்ந்துபோகும்.

வோர்ட் பற்றி இன்னொன்று. இங்கிலாந்து திரும்பிய அவர், 1892-இல் இஞ்சிப் பியரை நொதிக்கவைக்கும் கட்டியைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அதற்குள் ஒரு மதுவமும் ஒரு பற்றீரியாவும் கூடி வாழ்வதைப் பிரித்துக் காட்டியவர் அவரே. பேராதனையில் துருவின் முளைக்குழாயைப் பார்த்த அதே கண், பத்தாண்டு கழித்து அரும்பும் மதுவத்தையும் பார்த்தது.

8. மனித உடலில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். 1990-இலேயே மனிதனின் சிடிசி-42 கண்டறியப்பட்டது. மதுவத்தினதும் நம்முடையதும் 191 அமினோ அமிலங்கள் கொண்டவை. அவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் ஒன்றே. மனித வடிவத்தைப் பழுதான மதுவத்துக்குள் செலுத்தினால் மதுவம் மீண்டும் அரும்புகிறது. நம் உடலில் அது நரம்புக் கலம் தன் நீண்ட இழையை எந்தப் பக்கம் விடுவது என்பதிலும், குடலின் உட்படையில் கலங்கள் மேல்கீழ் அறிந்து நிற்பதிலும் பங்கெடுக்கிறது. அந்தப் பரம்பரையலகில் நேரும் ஒரு விகாரத்தால், குருதிச் சிறுதட்டுகள் பெருத்தும் குறைந்தும், அறிவு வளர்ச்சி தாமதித்தும் பிறக்கும் குழந்தைகள் உண்டு என்று 2015 முதல் மருத்துவர்கள் பதிவுசெய்து வருகிறார்கள்.

9. கண்டியில் செய்யத்தக்கவை

சியாட்டிலிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் நடந்தவற்றையே இவ்வளவு நேரம் சொன்னேன். இனி இங்கே செய்யத்தக்கதைச் சொல்கிறேன்.

கண்டியைச் சுற்றிய மலைக்கிராமங்களில் கித்துள் பாளையைச் சீவிப் பதநீர் இறக்குகிறார்கள். பாணிக்கும் கருப்பட்டிக்கும் இறக்குபவர்கள் முட்டிக்குள் ஹல் மரப்பட்டைத் துண்டைப் போட்டு நொதித்தலைத் தடுக்கிறார்கள். கள்ளுக்கு இறக்குபவர்கள் போடுவதில்லை. பட்டை போடாத முட்டி ஒன்று ஒவ்வொரு நாளும் நடக்கும் ஓர் உயிரியல் பரிசோதனை. தென்னங்கள்ளைப் பற்றி அற்புதராஜா, விதானபத்திரண, சமரஜீவ ஆகியோர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுச் சாதிகளைச் சேர்ந்த 17 மதுவ இனங்களைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஒரே பானத்தில் பதினேழு இனங்கள்! ஒவ்வொன்றும் தன் அடுத்த மகளுக்கு இடத்தை எப்படித் தெரிந்தெடுக்கிறது? பனையினக் கள்களில் காணப்படும் இனங்களுள் சைசோசக்கரோமைசிஸ் பொம்பேயும் ஒன்று. அது அரும்புவதே இல்லை; உருளைபோல நீண்டு நடுவில் பிளக்கிறது. அதற்கும் சிடிசி-42 உண்டு. ஆனால் அதன் முனைகளைச் சுட்டுவது ரீ-1 என்ற வேறொரு புரதம். நுண்குழாய்கள் அதை முனைகளுக்குச் சுமந்து செல்கின்றன. 1997-இல் மாற்றாவும் பால் நர்சும் அதை விவரித்தார்கள். ரீ-1 இல்லாத கலங்கள் வளைந்தும் கிளைத்தும் போகின்றன. அப்போதும் அவை சாவதில்லை. சுட்டுவது வேறு, நிலைகொள்வது வேறு என்பதற்கு இன்னொரு சான்று கள்ளுமுட்டியிலேயே கிடக்கிறது.

ஆய்வுகூட மதுவங்கள் பல தலைமுறைகளாகத் தட்டில் நிறைந்த உணவில் வளர்ந்தவை. இயற்கை மதுவத்தில் பட் பரம்பரையலகுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைக் கித்துள் கள் போன்ற இடங்களில்தான் பார்க்க வேண்டும். கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து முட்டியிலிருந்து எடுத்ததும் ஹந்தானையின் மறுபக்கத்து முட்டியிலிருந்து எடுத்ததும் ஒரே ஒழுங்கில் அரும்புகின்றனவா? நைதரசன் குறைந்த தட்டில் எவை சங்கிலி கட்டுகின்றன, எவை கட்டுவதில்லை? ஹல் பட்டையின் சாறு பட்ட கலம் இறக்கிறதா, உறங்குகிறதா, அல்லது கண்ட இடத்தில் அரும்புகிறதா? இக்கேள்விகளுக்குக் கல்கோஃப்ளூர் சாயமும், புறஊதா ஒளியுள்ள நுணுக்குக்காட்டியும், பொறுமையாக எண்ணும் ஒரு மாணவரும் போதும். பேராதனைப் பல்கலைக்கழகமும் ஹந்தானை வீதியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகமும் சில கிலோமீற்றர் தூரத்துக்குள் இருக்கின்றன. பரம்பரையலகுத் தொடரை வாசிப்பதற்கான செலவும் முன்போல மலைக்க வைப்பதாக இல்லை.

இந்த வேலையை எடுத்துக்கொள்ளும் மாணவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மதுவத்துக்கும் எண் கொடுங்கள். எந்த ஊர், எந்த மரம், எந்த மாதம், பட்டை போட்டதா போடாததா, இறக்கியவர் என்ன சொன்னார் என்பதையெல்லாம் தமிழிலோ சிங்களத்திலோ அன்றைக்கே எழுதிவையுங்கள். தூய கூட்டமாக வளர்த்து, கிளிசரோலில் கலந்து, ஆழ்குளிரூட்டியில் இரண்டு இடங்களில் வையுங்கள். கித்துள் சீவுபவர்களின் பிள்ளைகள் பலர் இப்போது மரம் ஏறுவதில்லை. முட்டிகள் குறைந்துகொண்டு வருகின்றன. மதுவம் கையில் இருந்தால் கேள்வியை அடுத்த ஆண்டும் கேட்கலாம், பத்து ஆண்டு கழித்தும் கேட்கலாம். முதல் நூறு மதுவங்கள் சேர்ந்தவுடன் வளையங்களை எண்ணத் தொடங்கலாம்.